வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

கிள்ளானில் பேருந்து ஏறி, காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூருக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். ஜெராமில் இறங்கி மீன் வாங்கியிருப்பீர்கள். புக்கிட் மெலாவத்தியில் ஏறிக் கலங்கரை விளக்கத்தையும் குரங்குகளையும் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். கம்போங் குவாந்தானில் படகில் போய், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக மின்னுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தச் சாலைக்கு இரு பக்கமும் தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே ஒளிந்து கிடக்கின்றனவே ஜாவாக்காரர் கம்பங்கள், அவற்றுக்குள் உங்களில் எத்தனை பேர் கால் வைத்திருப்பீர்கள்? நம் தோட்டத்து எல்லை வாய்க்காலைத் தாண்டினால் அவர்கள் வீடு. நாமோ காசியைப் பற்றியும் இராமேசுவரத்தைப் பற்றியும் தெரிந்து வைத்திருக்கிறோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது குறைவு.

சென்ற பள்ளி விடுமுறையில் நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. எங்களுக்கு வேண்டிய ஒரு ஜாவாப் பெரியவர் காலமாகி ஆயிரமாவது நாள். ஆயிரமாவது நாளா என்று வியக்காதீர்கள். நமக்கு மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டுத் திதி இருப்பது போல, அவர்களுக்கு மூன்று, ஏழு, நாற்பது, நூறு என்று போய் ஆயிரத்தில் முடிகிறது. இப்போது பல வீடுகளில் நூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் ஆயிரத்தையும் நடத்தினார்கள். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்த தோட்டம் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கம். கடைசி லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால் ஓடும். சதுப்பு நிலத்துத் தண்ணீர், பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள், அதுதான் பாலம். அதைத் தாண்டியதும் முதல் வீடு அந்தப் பெரியவருடையது. நாங்கள் அவரை ‘வாக்’ என்போம். ஜாவாக்காரர்களில் வயதானவர்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பது. அவர் மனைவியை ‘நேனெக்’ என்போம், பாட்டி என்று பொருள். என் அப்பா கித்தா மரம் சீவிவிட்டு மதியம் திரும்பும்போது, வாக் வாய்க்காலின் அக்கரையில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருப்பார். இருவரும் பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். என்ன பேசினார்கள் என்று அப்போது எனக்குப் புரியாது. ஆனால் வாக்கின் கைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு வாழைப்பழச் சீப்பு இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

இந்த ஜாவாக்காரர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? நம் தாத்தாக்கள் வந்தது போலத்தான், கொஞ்சம் வித்தியாசத்தோடு. ஜாவா, டச்சுக்காரர்கள் ஆண்ட தீவு. 1830 முதல் அங்கே கட்டாயப் பயிர் முறை ஒன்றைக் கொண்டுவந்து, கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கரும்புக்கும் அவுரிக்கும் ஒதுக்கச் சொன்னார்கள். வயல் சுருங்கியது, வாய்கள் பெருகின. கடனுக்கும் பசிக்கும் தப்பித்துக் கப்பலேறியவர்கள் சிங்கப்பூர் வழியாக மலாயாக் கரைக்கு வந்தார்கள். சிலர் நம்மவர்களைப் போலத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். டச்சு இந்தியாவிலிருந்து வந்த கூலிகளுக்கென்று 1909-இல் மலாய் மாநிலங்களில் தனிச் சட்டமே இருந்தது. நம்மவர்களின் ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்து, கங்காணி முறை 1938 வரை நடந்தது. பாத்தாங் பெர்சுந்தை என்று நாம் அறிந்த, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊருக்கு அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறதே, அங்கேதான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. நம்மவர் வியர்வையும் ஜாவாக்காரர் வியர்வையும் இந்த வட்டாரத்து மண்ணில் கலந்துதான் கிடக்கின்றன.

சயாம் மரண ரயில் கதையை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். 1942, 43-ஆம் ஆண்டுகளில் சப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனான். என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. வாக்கின் சித்தப்பா ஒருவரும் போய்த் திரும்பவில்லை. ஜாவாத் தீவிலிருந்தே கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். அப்பாவும் வாக்கும் முதலில் பேசிப் பழகியது இந்தப் பேச்சில்தானாம்.

வித்தியாசம் எங்கே தொடங்கியது தெரியுமா? ஒப்பந்தம் முடிந்ததும் ஜாவாக்காரர் தோட்டத்தில் தங்கவில்லை. சொந்தக்காரர்கள் அழைக்கத் தனியாக வந்தவர்களும் பலர். பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டு, பெங்குலுவிடம் காடு கேட்டார்கள். கடலோரத்துச் சேற்றுக் காடு, யாரும் சீண்டாத நிலம். முதல் வேலை மரம் வெட்டுவதுகூட இல்லையாம், வாய்க்கால் வெட்டுவதுதானாம். இடுப்பளவுச் சேற்றில் நின்று மண்வெட்டியால் தோண்டி, தண்ணீரைக் கடலுக்கு இறக்கினார்கள். கடல்நீர் உள்ளே ஏறாமல் கரை கட்டினார்கள். சபாக் பெர்ணம் பக்கம் போனால் ‘தெபுக்’ என்று தொடங்கும் கம்பத்துப் பெயர்கள் நிறையப் பார்ப்பீர்கள். தெபுக் என்றால் வாய்க்கால்தான். தோண்டியவர்களின் தலைவர் பெயரே பல இடங்களில் ஊர்ப் பெயராகிவிட்டது. தஞ்சோங் காராங் நெல்வயல்களும் 1930-களில் இப்படிச் சதுப்புக் காட்டை அழித்துத் தொடங்கியவையே. அது அரசாங்கத் திட்டம். பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தார்கள். அங்கே குடியேறியவர்களிலும் ஜாவாக்காரரும் பஞ்சார்க்காரரும் ஏராளம்.

வாய்க்கால் ஓரமாக வீடுகள் வரிசையாக இருக்கும். நம் லயம்போல் ஒட்டியிருக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் பெருக்கிய மண் முற்றம், பூச்செடி, கோழிக்கூண்டு. நிலம் முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீண்டும் போகும், தண்ணீரும் பாதையும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமே! வாக்கின் நிலம் மூன்று ஏக்கர். அவர் அப்பா காலத்தில் தென்னையும் பாக்கும். பிறகு தென்னைக்கு ஊடே லிபெரிக்கா கோப்பி. கடலோரச் சிலாங்கூரின் கனத்த மண்ணுக்கு அதுதான் ஒத்துவரும். 1980-களில் எல்லாரும் கொக்கோ போட்டார்கள், வாக்கும் போட்டார். பத்தாண்டுக்குள் விலை விழுந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுச் செம்பனை வைத்தார். “மரத்தை மாற்றலாம், மண்ணை மாற்றக் கூடாது” என்று சிரிப்பார். தோட்டத்திலும் இதே காலத்தில் கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஆனால் அங்கே மரம் மாறியபோது வேலையும் ஆளும் மாறினார்கள். நம் லயங்கள் காலியாயின. இப்போது அந்த லயங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜாவாவிலிருந்து புதிதாக வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக் கடைக்கு வந்தால், வாக்கின் தெருக்காரர்கள் அவர்களோடு ஜாவா மொழியில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் கம்பத்து இளசுகளுக்கு விளங்குவதில்லை. நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்காரரிடம் விழிப்பது என் நினைவுக்கு வந்தது. பெரியவர்களிடம் பேச ஒரு சொல், சமவயதினரிடம் பேச வேறு சொல் என்று இரண்டு அடுக்காக இருக்கும் மொழி அது. பிள்ளைகளுக்குக் கீழடுக்கு மட்டும் வருகிறது, மேலடுக்கு வரவில்லை என்று நேனெக் குறைப்பட்டுக்கொள்வார்.

இப்போது 1999-ஆம் ஆண்டுக் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பத்தெட்டு ஆண்டு உழைத்தவர், நாங்கள் மூன்று பிள்ளைகளும் பிறந்த வீடு. சேமநிதிப் பணம் தவிர வேறில்லை. செய்தி வாக்கின் காதுக்குப் போயிற்று. ஒரு மாலை பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் அக்கரையிலேயே நின்று கூப்பிடுபவர். திண்ணையில் உட்கார்ந்து, “தம்பி, என் நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டிக்கொள். தென்னை நாலைந்தை வெட்டினால் இடம் கிடைக்கும். என்ன விலை உன்னால் முடியுமோ கொடு” என்றார். அம்மா உள்ளே அழுதது எனக்குக் கேட்டது.

அப்பாவும் வாக்கும் சைக்கிளை விட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, பேருந்தில் நில அலுவலகம் போனார்கள். அங்கே ஒரு குமாஸ்தா பொறுமையாகத்தான் விளக்கினாராம். அந்த நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலம். 1913-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம் அது, 1933-இல் புதுப்பிக்கப்பட்டது. மலாய் இனங்களில் ஒன்றைச் சேர்ந்து, மலாய் மொழியோ அதன் உறவு மொழியோ பேசி, இஸ்லாத்தைத் தழுவியவர் யாரோ அவரே அந்தச் சட்டத்தின்படி மலாய்க்காரர். ஜாவாக்காரர் அதற்குள் வருகிறார், நாம் வரவில்லை. வாக் அந்த நிலத்தை அப்பாவுக்கு விற்கவும் முடியாது, குத்தகைக்குப் பதிந்து கொடுக்கவும் முடியாது. ஒரே மாதிரிக் கப்பலில் வந்த இரண்டு கிழவர்களின் பிள்ளைகள் அந்த மேசைக்கு முன்னால் நின்றார்கள் என்று நான் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்பா வந்து சொன்னது வேறு. “வாக்குக்குத்தான் ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது, பாவம். திரும்பும்போது டீ வாங்கிக் கொடுத்தேன்,” என்றார்.

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் இல்லையென்றால் வாக்கின் மூன்று ஏக்கரும் எப்போதோ கடன்காரனிடம் போயிருக்கும் என்று அவர் பிள்ளைகளே சொல்கிறார்கள். நமக்கு என்ன வழி இருந்தது என்றுதான் யோசிக்கிறேன். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். என் தாத்தா அதில் பங்கு வைத்திருந்தார், அந்தப் புத்தகம் இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. அப்பா கடைசியில் சேமநிதிப் பணத்தைப் போட்டு, பக்கத்து ஊரில் ஒரு மலிவு விலை வரிசை வீடு வாங்கினார். வாக் தன் மாமரத்திலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு முன்னால் நட இடமில்லை, எல்லாம் சிமெண்டு. சாக்கடை ஓரத்தில் ஒரு சாண் மண்ணில் வைத்தோம். காய்க்கிறது!

வாக் ஒரே ஒரு முறை ஜாவாவுக்குப் போனார். அப்பாவின் ஊர் பொனொரோகோ பக்கம் என்று கேட்டிருந்தார், போய்த் தேடிப் பங்காளிகளைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்து அவர் சொன்னதெல்லாம் நிலத்தைப் பற்றியே. ஜாவாத் தீவு நம் தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றுச் சிறியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே பதினைந்து கோடிக்கு மேல் மக்கள்! அவர் போனபோதும் நெரிசல்தான். பங்காளிகளுக்கு இருந்த வயல் ஒரு ஏக்கரில் கால் பங்குகூட வராதாம். நிலமில்லாதவன் அடுத்தவன் வயலில் பயிர் செய்து விளைச்சலில் பாதியைக் கொடுப்பான். ‘மாரோ’ என்பார்கள், நம் ஊர் வாரம்தான். வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண் கிடைத்தாலும் மிளகாய், முருங்கை, மரவள்ளி, வாழை என்று விடாமல் நட்டிருக்கிறார்களாம். “அங்கே நான் பணக்காரன்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்று ஏக்கர் செம்பனைக்காரர்.

சரி, ஆயிரமாவது நாளுக்கு வருவோம். புக்கிட் ரோத்தானில் இறங்கினேன், வாக்கின் பேரன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனான். தென்னை மரப் பாலம் போய்ச் சிமெண்டுப் பாலம் வந்து பல காலமாகிறது. முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். இதை ‘ரெவாங்’ என்கிறார்கள். யாரையும் கூலிக்கு அழைப்பதில்லை, சமையல்காரருக்குச் சொல்வதில்லை. இன்று உன் வீடு, நாளை என் வீடு. நம் லயத்துக் கல்யாணங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தன. எனக்கும் ஒரு பலகையும் கத்தியும் கொடுத்து உட்கார வைத்தார்கள். டீச்சர் என்று விட்டுவிடவில்லை.

ஒரு மூலையில் வாக்கின் கடைசி மகள் தெம்பே கட்டியதை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சோயா மொச்சையை ஊற வைத்து, வேக வைத்து, தோல் நீக்கி, ஆறியதும் காளான் வித்துத் தூவி வாழை இலையில் கட்டி வைத்தால், இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து பருப்பெல்லாம் ஒரே கட்டியாகிவிடும். துண்டு போட்டுப் பொரித்தால் கறிக்கு ஈடு. சைவக்காரர்களுக்கு நான் துணிந்து சிபாரிசு செய்வேன். அன்றைய சாப்பாடு ‘நாசி அம்பெங்’. ஒரு பெரிய தட்டில் வாழை இலை போட்டு நடுவே சோறு, சுற்றிலும் கோழி, மீ, தேங்காய்ப்பூ வறுவல், தெம்பே, கருவாடு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று நினைவு வைத்துக் கோழி மட்டும் போட்ட தட்டில் உட்கார வைத்தார்கள்.

தொழுகையும் சாப்பாடும் முடிந்து, வெளியாட்கள் மீதிச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனபின், குடும்பத்தார் நேனெக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சொன்ன அந்த வேறு காரணம் இதுதான். ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒருசேர வரும் நாள் அது ஒன்றே. நிலத்தைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும். நான் எழுந்தேன், நேனெக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வாக்குக்கு மூன்று மகன், இரண்டு மகள். இஸ்லாமியச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. மூன்று ஏக்கரில் நேனெக்குக்கு எட்டில் மூன்று ஏக்கர், மகன் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஏக்கர், மகளுக்கு மூன்றில் ஒன்று. ஜாவாவில் இதற்கு ஒரு பழைய உவமை உண்டு: ஆண் தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் சுமப்பான், பெண் இடுப்பில் ஒன்று சுமப்பாள். பால்வாளியைக் காண்டாவில் தூக்கியவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும். நம் அம்மாமார்களும் காண்டா தூக்கினார்கள் என்பது வேறு விஷயம். அதே ஜாவாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாகப் பிரிக்கும் வழக்கமும் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து சம்பாதித்ததில் மனைவிக்குத் தனி உரிமையும் உண்டு.

கணக்கு சுலபம், நிலம்தான் சுலபமில்லை. விவசாய நிலத்தைப் பொதுவாக ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கீழே, துண்டாட நிலச் சட்டம் விடாது. மூன்றில் ஒரு ஏக்கரை வெட்டி எடுத்துத் தனிப்பட்டா போட முடியாது. ஒரே பட்டாவில் ஆறு பெயர் ஏறும். அந்த ஆறு பேரும் காலமானால் அவர்கள் பிள்ளைகள் பெயர். அந்தத் தெருவிலேயே இருபது பேருக்கு மேல் பெயர் ஏறி, யாரும் மரம் வைக்காமல் லாலாங் புல் மண்டிய நிலத்தை எனக்குக் காட்டினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது.

பேச்சு நீண்டது. மூத்தவர் சட்டப் பங்கே போதும் என்றார். நடு மகனுக்குக் கடன், விற்றுவிடலாம் என்றார். கடைசி மகள், தாயோடு அதே வீட்டில் இருப்பவள், ஒன்றும் பேசாமல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நேனெக் கடைசியில் ஜாவா மொழியில் ஏதோ சொன்னார், நாலு வாக்கியம் இருக்கும். பேரன் எனக்கு மெதுவாக மலாயில் சொன்னான்: “வாய்க்காலை வெட்டியவர் பங்கு பிரித்து வெட்டவில்லை என்கிறார்.” அதன்பின் முடிவுக்கு வந்தது. அவரவர் பங்கு இன்னதென்று தெரிந்துகொண்டபின், மனமொத்து விட்டுக்கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டாம். வீடும் வீட்டைச் சுற்றிய இடமும் கடைசி மகள் அனுபவிப்பது; செம்பனை வருமானத்தைப் பங்குப்படி பிரிப்பது; நடு மகனின் பங்கை மூத்தவர் மூன்று தவணையில் வாங்கிக்கொள்வது. நடு மகன் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் தலையசைத்தார்.

அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது ஏன் தெரியுமா? என் அப்பா 2021-இல் காலமானார். உயில் இல்லை. அந்த வரிசை வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, தம்பி ஒன்றும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஆசைப்படுகிறாள் என்பார்களே! உங்களில் எத்தனை வீடுகளில் இதே கதை என்று எனக்குத் தெரியும். அப்பா உழைத்து வாங்கிய வீட்டுக்கு வரி கட்டுகிறோம், பெயரை மாற்றுவதில்லை.

வாக்கின் மூத்த மகன்தான் விவரம் சொன்னார். உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால், வழக்கறிஞர் வைத்து உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சிறு சொத்துப் பகிர்வுச் சட்டம் என்று 1955-இலிருந்து இருக்கிறது. மாவட்டத்தில் அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் மனு கொடுத்தால், வாரிசுகளை எல்லாம் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுகிறார்கள். இது எல்லா இனத்தாருக்கும் பொது. பங்கு மட்டும் நமக்கு வேறு சட்டம்: 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். கணவர் இறந்து, அவருடைய பெற்றோரும் உயிரோடு இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அதில் மகன், மகள் என்ற பேதமில்லை, சரிசமம். பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். இறப்புப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அம்மாவின் திருமணப் பத்திரம் ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். அந்தக் காலத்தில் கோவிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யாத அம்மாக்கள் இருந்தால் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். நேனெக் என் கையில் நாலு கட்டுத் தெம்பேயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, “உன் அம்மாவுக்கு,” என்றார். ‘மத்தூர் நுவுன்’ என்றேன். ஜாவா மொழியில் நன்றி. சிறுமியாக இருந்தபோது அவரே சொல்லிக்கொடுத்தது. பேரன் என்னைப் பழைய லயம் இருந்த இடத்தின் வழியாகவே கொண்டுபோய் விட்டான். எங்கள் வீடு இருந்த இடத்தில் செம்பனை ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் அதே நிறம்.

வீட்டுக்குப் போய் தெம்பேயைப் பொரித்துக்கொண்டே அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தபின் எழுந்துபோய், சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பட்டா, தாத்தாவின் பங்குப் புத்தகம், அப்பாவின் தோட்டத்து அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. “நீ கேட்பாய் என்றுதான் வைத்திருந்தேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் போடு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்,” என்றார்.